சுற்றுலா யாருக்கு?

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ‘மாணவரும் ஒழுக்கமும்’, ‘நாளைய உலகம்’ என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜனவரி மாதத்திலிருந்து ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அது ஒரு சுற்றுலா. ஏழு பேர் போன சுற்றுலா. எட்டுப் பேர் போயிருக்க வேண்டிய சுற்றுலா!

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குச் சித்தாள் வேலை. எங்கள் வீட்டில் வெளியூர் என்றால் கல்யாணம், காதுகுத்து, சாவு, குலதெய்வம் – இந்த நான்குக்கும்தான். சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவதற்காகக் காசு செலவழித்துப் போவது என்பது யாருக்கும் தோன்றியதே இல்லை. அதனால் நான் ஒரு பொய் சொன்னேன்.

“காலேஜ்ல நெய்வேலிக்கு அனல் மின் நிலையம் பார்க்கக் கூட்டிட்டுப் போறாங்கம்மா. 1,500 ரூபா கட்டணும்.”

அம்மா மகளிர் குழுவில் வாங்கி வைத்திருந்த கடன் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தார். “பத்திரமா போயிட்டு வா தம்பி” என்றார். அந்த மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் போனது நெய்வேலிக்கு அல்ல.

எங்கள் வீட்டு வண்டி

வெளிநாடுகளில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். நண்பர்கள் சேர்ந்து அதில் கிளம்பி, ஆற்றில் கயாக் என்னும் சிறு படகு விடுவார்கள், மலை ஏறுவார்கள், காட்டு விலங்குகளைத் தேடிப் பார்ப்பார்கள். இதைச் செல்போனில் பார்த்துவிட்டு எங்கள் வகுப்பில் ஒருவன், “நாமளும் போனா என்னடா?” என்று கேட்டான். அதுதான் ஆரம்பம்.

எங்களுக்குக் கிடைத்த ஆர்.வி., அதே நண்பனின் மாமா வாடகைக்கு ஓட்டும் 14 சீட் வேன். குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறையில் வண்டிக்குச் சவாரி இல்லை. “வாடகை வேணாம், டீசல் மட்டும் போடுங்க, நானே ஓட்டிட்டு வர்றேன்” என்று மாமா பெரிய மனசு பண்ணினார். இராத்திரி சீட்டுகளின் மேல் பலகையைக் குறுக்கே போட்டால் படுக்கை. ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் பின்னால். சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே, காட்டுக்கும் வெளியே. மாமா போட்ட முதல் சட்டம் அது. பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு ஓரமாக நிறுத்தித் தூங்கினோம். குளியலறை எது என்று நான் சொல்லத் தேவையில்லை!

டீசலுக்கு 6,000 ரூபாய். மீதியில் அரிசி, பருப்பு, படகு, நுழைவுக் கட்டணம். ஆளுக்கு 1,500 ரூபாய். நான்கு நாட்கள். எங்கள் வகுப்பிலேயே மிக நன்றாகப் படிக்கிற எட்டாவது நண்பன் மட்டும், “ஊர்ல கொஞ்சம் வேலை இருக்குடா” என்று சொல்லிவிட்டான். நாங்களும் விட்டுவிட்டோம்.

ஏறின கியர்லயே இறங்கணும்

முதலில் கொல்லிமலை. நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே போன இரண்டு பேர் இருபதாவது வளைவிலேயே வாந்தி எடுத்துக் கணக்கை விட்டுவிட்டார்கள்.

அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினோம். ஏறும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களை ஒரு பாட்டி தலையில் சுமையுடன் தாண்டிப் போனார். “உக்காந்து உக்காந்து ஏறுங்க தம்பி, மலை எங்கயும் போயிடாது” என்று சிரித்தார். கபடிக் குழுவில் இருக்கும் நம் வீரர் ஒருவருக்கு அன்று முகமே இல்லை. அவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

இறங்கும் வழியில்தான் பாடம். ஒரு கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை. பிரேக் கருகிய வாசனை. அந்தக் காரில் வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றப் போனார். மாமா ஓடிப்போய்த் தடுத்தார். “சூடான டிஸ்க்குல தண்ணி ஊத்தாதீங்க சார், விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்.” பிறகு எங்களைப் பார்த்து, “மெக்கானிக்கல் படிக்கிறீங்களே, இது ஏன் கருகிச்சு?” என்றார். ஏழு பேரும் விழித்தோம்.

மலை ஏறும்போது வண்டி சேர்த்து வைத்த நிலை ஆற்றல் எல்லாம், இறங்கும்போது வெப்பமாக மாறித்தான் தீர வேண்டும். அதை பிரேக் மட்டும் தாங்கினால் கருகிப் போகும். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினும் பங்கு போட்டுக்கொள்ளும். “ஏறின கியர்லயே இறங்கணும்” என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான். தேர்வில் ஆற்றல் அழிவின்மை விதியை எழுதி நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் எட்டாவது வரை படித்த மாமாவுக்குத்தான் அது புரிந்திருந்தது.

பிச்சாவரம்: மரம் போட்ட கோட்டை

பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்பு நிலக் காடு. கயாக்குக்கு ஆசைப்பட்டுப் போன நாங்கள் ஏறியது துடுப்புப் படகு. அதுவே நல்லதாகப் போயிற்று. மோட்டார் படகு நுழைய முடியாத சந்துகளில் எல்லாம் துடுப்புப் படகு நுழையும்.

எங்களில் ஒருவன் போட்டோவுக்காக மிதவைச் சட்டையைக் கழற்றினான். படகோட்டி அண்ணன் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். “போட்டுக்கப்பா. அப்புறம் போலாம்.” கோபமே இல்லை, ஆனால் படகும் நகரவில்லை. அவன் போட்டுக்கொண்ட பிறகுதான் துடுப்பு தண்ணீரைத் தொட்டது.

உள்ளே போகப் போக இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்கு மேலே சேர்ந்துகொண்டன. சில மரங்கள் வேர்களையே கால்களாக ஊன்றித் தண்ணீரில் நிற்கின்றன. சிலவற்றின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேற்றில் காற்று கிடையாது அல்லவா? அதனால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீளமாக வளர்ந்து, பிறகுதான் கீழே விழுகிறது. “தாய் மடியிலயே கொஞ்சம் வளந்துட்டு இறங்குது. இல்லாட்டி அலை அடிச்சிட்டுப் போயிரும்ல?” என்றார் படகோட்டி அண்ணன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று ஒரு கிளையைக்கூட எங்களைத் தொட விடவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் அலையின் வேகம் குறைந்து, சேதமும் குறைந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

சிவில் துறை நண்பர்களுக்கு ஒரு செய்தி. இந்தக் காட்டின் சில பகுதிகள் ஒரு காலத்தில் பட்டுப் போயிருந்தன. முன்பு மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் உள்வாங்கிப் பள்ளமானது. அலைநீர் வந்து தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். கடல் நீர் ஏறும்போது உள்ளே வந்து, இறங்கும்போது உப்பையும் கழுவிக்கொண்டு வெளியே போனது. கன்று நட்டார்கள், காடு திரும்ப வந்தது. நாம் லெவல் எடுக்கப் படிக்கிறோமே, அந்தப் படிப்புக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

கோடியக்கரை: ஸ்பீக்கரை அணைத்த பிறகு

மூன்றாம் நாள் நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமான இடம். 2002-இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

முதல் ஒரு மணி நேரம் குரங்கைத் தவிர ஒன்றையும் காணோம். “மானும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா போர்டு வச்சிருக்காங்க” என்று ஒருவன் சலித்துக்கொண்டான். எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அமைதியாகச் சொன்னார்: “தம்பி, மான் உங்கள எப்பவோ பாத்துருச்சு. உங்க பாட்டைக் கேட்டுட்டுத்தான் போயிருச்சு.”

வெட்கமாகப் போயிற்று. ஸ்பீக்கரை அணைத்தோம். எஞ்சினை அணைத்தோம். பேச்சையும் அணைத்தோம். நண்பர்களே, நாங்கள் ஏழு பேர் சேர்ந்து அரை மணி நேரம் வாய் மூடி இருந்தது அதுதான் முதல் தடவை! பிறகு புல்வெளியின் ஓரத்தில் வந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, திருகு திருகாய் இரண்டு கொம்புகள். பின்னாலேயே பழுப்பு நிறத்தில் பெண் மான்கள். எண்ணினேன், பதினொன்று. திடீரென்று ஒன்று துள்ளியது; எல்லாம் துள்ளின; அவ்வளவுதான், புல்வெளி காலி.

அந்தப் புல்வெளியைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டு வருகிறது என்று காவலர் காட்டினார். வெளிமானுக்குத் தூரம் வரை பார்க்க வேண்டும், ஓட இடம் வேண்டும். முள் அடர்ந்தால் இரண்டும் போய்விடும். எங்கள் வீட்டு அடுப்பில் எரிவதும் அந்த முள்தான். அடுப்புக்குச் சோறு போட்ட மரம் மானுக்கு எமனாக இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மாலையில் சதுப்பு நிலம். தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. காவலரின் தொலைநோக்கியில் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள்! கிட்டே சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. சில வகை, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. ஆனால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்துப் பக்கம் சைபீரியாவில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எது எங்கே போகிறது என்று கண்டறிகிறார்கள்.

அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் 150 கிலோமீட்டருக்குள்தான். நாற்பது வயதாகும் என் அம்மா இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

“நெய்வேலியில கடல் இருக்காடா?”

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா என் சட்டையைத் துவைக்க எடுத்தார். பையிலிருந்து மணலும் இரண்டு கிளிஞ்சலும் விழுந்தன. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, நெய்வேலியில கடல் இருக்காடா?”

தங்கை சிரித்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை, திட்டினார். குழுவுக்குக் கட்ட வேண்டிய காசு என்று சொல்லிச் சொல்லித் திட்டினார். அது நியாயம். நான்கு முகூர்த்தங்களில் பந்தி பரிமாறி அந்த 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பொய் சொன்னதைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோபம் ஆறின பிறகு, “சரி, பாத்துட்டு வந்து என்னத்தப் பண்ணப் போற?” என்று கேட்டார். மரத்திலேயே முளைக்கும் விதையையும், மூச்சு விடும் வேரையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு, “யார் யார் போனீங்க?” என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் எட்டாவது நண்பனை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

“அவன் ஏன் வரல?”

“ஊர்ல வேலையாம்மா.”

“அவன் ஊருக்குப் போகலடா. அந்த நாலு நாளும் லேத் பட்டறைக்குத்தான் போனான். நான் பஸ் ஸ்டாப்புல பாத்தேன். 14 சீட்டு வண்டின்னு சொல்ற. ஏழு பேரும் டிரைவரும் போயிருக்கீங்க. அவனுக்கு எடமா இல்ல?”

எனக்குப் பதில் இல்லை. வண்டியில் ஆறு சீட்டு காலியாகவே ஓடியது. அவன் ஏறியிருந்தாலும் டீசல் ஒரு சொட்டுகூட அதிகம் ஆகியிருக்காது. அவனிடம் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்: “காசு மட்டும் இல்லடா. நீங்க எனக்கும் சேத்துப் போட்டுருப்பீங்க, தெரியும். ஆனா எல்லாரும் பாக்குற மாதிரி போட்டுருப்பீங்க. அதுவும் இல்லாம, எனக்கு அது நாலு நாள் சம்பளம்.” அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் எழுத மாட்டேன்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

நண்பர்களே! சுற்றுலா வீண் செலவு என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு நாளில் நான் கற்றதை நான்கு பருவத்தில் கற்றேனா என்பது சந்தேகமே. ஆனால் காசு உள்ளவன் மட்டும் கற்றுக்கொள்ளும் பாடமாக அது இருக்கலாமா? ஒவ்வோர் ஆண்டும் நாம் பேருந்து எடுத்து, விளையாட்டுப் பூங்காவுக்குப் போய், தொண்டை கட்ட ஆடிவிட்டு வருகிறோம். பணம் கட்டியவர் பெயர் பலகையில் இருக்கும். கட்டாதவர் யார் என்பதையும் அந்தப் பலகையே காட்டிக் கொடுத்துவிடும். இது மாற வேண்டும்.

ஒன்று: பொது நிதி. மாதம் பத்து ரூபாய். 600 பேர் பத்து மாதம் கொடுத்தால் 60,000 ரூபாய். எங்கள் கணக்குப்படி 40 பேரின் முழுச் செலவு அது. யாருக்கு உதவி போகிறது என்பது பொறுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டுமே தெரிய வேண்டும்.

இரண்டு: தேதியை இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். விடுமுறையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் பட்டறையில் சொல்லி, முன்னாடியே கூடுதலாக உழைத்து, அந்த நாட்களை ஈடு செய்ய வழி கிடைக்கும்.

மூன்று: தோழிகளும் வர வேண்டும். நாங்கள் திரும்பி வந்து கதை அளந்தபோது, எங்கள் வகுப்புத் தோழி ஒருவர், “எங்களை ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல? வரமாட்டோம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார். ஆசிரியைகள் உடன் வந்தால், வீட்டில் நேரில் வந்து பேசினால், பலர் வருவார்கள்.

நான்கு: ஒழுங்கு. “பசங்களை அனுப்பினா என்ன ஆகுமோ?” என்ற பெற்றோரின் பயம் வெறும் பயம் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு விதிமுறைகள் இறுக்கமாயின. 2024-இல் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை, உள்ளூர் வழிகாட்டிகளுடன் முன்பதிவு செய்து போகும்படி ஏற்பாடு செய்தது. ஆகவே அனுமதி இல்லாமல் காட்டில் கால் வைக்கக் கூடாது. மது கூடாது. ஸ்பீக்கர் கூடாது. மிதவைச் சட்டை இல்லாமல் படகு கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் திரும்பி வர வேண்டும். கிளம்பும் முன் பிரேக்கை நாமே சரிபார்க்க வேண்டும். நமக்குத் தெரியாத வேலையா அது?

“அரியர் வச்சிருக்கிறவனுக்குச் சுற்றுலா ஒரு கேடா?” என்று சிலர் கேட்கலாம். எனக்கும் ஒரு அரியர் இருந்தது; ஏப்ரலில் எழுதினேன். வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்த நான்கு நாளும் நான் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டேன் என்பது என் மனசாட்சிக்குத் தெரியும்.

அடுத்த ஜனவரியில் நான் இந்தக் கல்லூரியில் இருக்க மாட்டேன். படிப்பு முடிந்திருக்கும், எங்காவது ஷிப்ட்டில் நின்றுகொண்டிருப்பேன். எட்டாவது நண்பனும் அப்படித்தான். எங்களுக்கு இந்த நிதியால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இப்போது முதல் ஆண்டில், “ஊர்ல வேலை இருக்குடா” என்று சொல்லிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கை யாரோ ஒருவர் இதைப் படிக்கலாம். அவருக்காகச் சங்கம் இதைப் பொதுக்குழுவில் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. மாமாவிடம் பேசிவிட்டேன். சவாரி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் நாகப்பட்டினம் போகிறது. இந்தத் தடவை சீட்டு எதுவும் காலி இல்லை. எட்டு நண்பர்கள், சில அம்மாக்கள், என் தங்கை. அம்மா மட்டும் இன்னமும், “கடலைப் பாத்து எனக்கு என்ன ஆகப் போகுது?” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் போன வாரமே சொல்லிவிட்டாராம்.